படகுப் பாட்டில் புல்லாங்குழல்

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதறேன். நானும் உன் அண்ணியும் நல்லா இருக்கோம். நீ, மாப்பிள்ளை, சின்னவ எல்லாரும் எப்படி இருக்கீங்க? சின்னவளுக்குச் சளி விட்டுதா?

தபால்ல என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறியிருப்பே. ஒண்ணும் ஆகலை. இனிமே போன்ல பேசறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன், அவ்வளவுதான். போனைக் காதுல வெச்சா காது சுடுது. அதுவும் இல்லாம, நீ பேசற வேகத்துக்கு ரயில்கூட ஓடாது. வெச்சப்புறம் "தங்கச்சி என்ன சொன்னா?"ன்னு உன் அண்ணி கேட்டா முழிக்கிறேன். கடிதம்னா நிதானமா ரெண்டு தடவை படிக்கலாம் பாரு.

வெறும் குசலம் விசாரிச்சா உனக்குச் சலிச்சுப் போயிடும். அதனால ஒரு விளையாட்டு. உனக்குப் பிடிச்ச பத்து பாட்டைப் பொறுக்கி அனுப்பு. எண்பதுகள்ல உங்க ஆளுங்க தகர டப்பாவை உருட்டினதைத்தான் அனுப்புவே, தெரியும். இருந்தாலும் கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடறேன். அறுபத்தொரு வயசு அச்சக மெஷின்மேன் போடற மார்க். பாரபட்சம் இருக்காது.

பதில் போடு. மெதுவா எழுது, எழுத்து புரியணும்.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். சளி போச்சு, இருமல் வந்திருக்கு. உங்க ரெண்டு பேர் உடம்பு எப்படி? அண்ணியோட முழங்கால் வலி தேவலையா?

நீ சொன்ன மாதிரியே பதறித்தான் போனேன். கண்ணாடிக் கடையில ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கிட்டு இருந்தப்ப தபால் வந்தது. அவரைச் சோதனைக் கண்ணாடியோட அப்படியே உட்கார வெச்சுட்டுப் பிரிச்சேன். 'காது சுடுது'ங்கற இடத்துல நான் சிரிச்ச சிரிப்புல, "ஏம்மா, என் கண்ணு அவ்வளவு மோசமா?"ன்னு கேட்டுட்டார் மனுஷன்.

விளையாட்டுக்கு நான் தயார். ஆனா ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. எனக்குப் பதிமூணு வயசு, உனக்கு இருபத்திரெண்டு. நான் ரேடியோ பக்கத்துல காத்துக் கிடந்து பிடிச்சு வெச்ச கேசட்டுல, ரெண்டு பக்கமும் உன் படகுப் பாட்டைப் பதிஞ்சியே! நீ பிறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு. ஒரு அம்மா படகுல உட்கார்ந்து உருகுவாங்க, நடுவுல புல்லாங்குழல் அழும். "இதுதான்டி சங்கீதம்"னு வேற சொன்னே. ரெண்டு நாள் நான் சாப்பிடலை.

பென் டிரைவ்ல பத்து பாட்டு வெச்சிருக்கேன். சின்னவதான் ஏத்திக் கொடுத்தா. மூணாவது பாட்டை மட்டும் சத்தம் கூட்டிக் கேளு. நீ திட்டப் போறதைப் படிக்கவே ஆவலா இருக்கேன்.

உன் வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

நாங்க சௌக்கியம். அண்ணி முழங்காலுக்குப் புது எண்ணெய் வாங்கியிருக்கா. வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது. அங்க எல்லாரும் நலந்தானே?

தாமதத்துக்குக் கோவிச்சுக்காதே. பத்தையும் பல தடவை கேட்டேன். இப்ப சொல்லப் போறதைக் கேட்டு நாற்காலியை விட்டு விழுந்துடாதே. மூணாவது பாட்டுக்கு எண்பது மார்க்.

யாரு அந்த பேஸ் கிட்டார்காரன்? கனமான ஆள் ஒருத்தர் மாடிப்படியில நிதானமா இறங்கி வர்ற மாதிரி வாசிக்கறான். டும்... டும்-டும்... டும். பாடறவங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டிருக்காங்க, இவன் கீழே தனியா ஒரு கதை சொல்லிக்கிட்டுப் போறான். இத்தனை வருஷம் இதைக் கேக்காம எப்படி விட்டேன்? ஏழாவது பாட்டுல அந்த டிரம்ஸும் பிரமாதம். எழுபத்தஞ்சு.

என் பாட்டுங்களைத்தான் இப்பக் கேக்க முடியலை. புதுசா வர்ற காப்பியில, சுத்தம் பண்றேன்னு சொல்லிப் புல்லாங்குழலையே துடைச்சு எடுத்துடறாங்க. வயலின் எல்லாம் பக்கத்து ஊர்ல வாசிக்கிற மாதிரி இருக்கு. அந்த அம்மா குரல்ல பாதியைக் காணோம். யார்கிட்ட போய்ப் புகார் கொடுக்கிறது?

பழைய பாட்டு ரசிகர் வட்டத்துக்கும் இப்பப் போறதில்லை. நூலக மாடியில கூட்டம் வைக்கறாங்க. படி ஏற அலுப்பா இருக்கு.

இன்னும் பத்து அனுப்பு.

உன் அண்ணன்


மார்ச் 5

என் அருமை அண்ணாவுக்கு,

இங்க எல்லாரும் நலம். நான் மட்டும் தரையில கால் படாம நடக்கிறேன்.

எண்பது மார்க்! நாற்பது வருஷமா நான் கேக்க ஆசைப்பட்ட வார்த்தை! கடிதத்தை இவருக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன், சின்னவளுக்குக் காட்டினேன், கடையில பக்கத்து மேஜைக்காரிக்கும் காட்டினேன். கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு இதுக்கு ஒரு ஃப்ரேம் போடலைன்னா எப்படின்னு அவளே கேட்டா.

அந்த 'மாடிப்படியில இறங்கற ஆள்' சமாச்சாரம் ரொம்பச் சரி. எனக்கு அதைச் சொல்லத் தெரியலை, உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா வட்டத்தை ஏன் விட்டே? மூணு விநாடி ஆரம்ப இசையைக் கேட்டு எந்தப் பாட்டுன்னு சொல்ற ஆள் நீ ஒருத்தன்தானே அங்க? அச்சகத்துல நாள் முழுக்க நிக்கிறவனுக்கு இருபது படி அலுப்பா? கால் வலின்னா டாக்டரைப் பாரு.

பத்து பாட்டு வெச்சிருக்கேன். கூடவே பதினோராவதா ஒண்ணு. உன் படகுப் பாட்டை ஒரு சின்னப் பொண்ணு புதுசாப் பாடியிருக்கு. இவருக்குப் பிடிச்சிருக்கு, எனக்கு ரெண்டு மனசா இருக்கு. நீ சொல்றதுதான் தீர்ப்பு.

ஜெயிச்ச சந்தோஷத்துல,
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

நலம். உங்க எல்லார் நலமும் அறிய ஆவல். அண்ணி முழங்கால் பரவாயில்லை. என் காலுக்கு ஒண்ணும் இல்லை, டாக்டரை எல்லாம் இழுக்காதே. அச்சகத்துல எழுதற மாதிரி விசேஷம் ஒண்ணும் இல்லை.

இந்தத் தடவையும் உங்க ஆளுங்களுக்கு நல்ல மார்க். நாலாவது எழுபது, ஒன்பதாவது எண்பத்தஞ்சு. இப்படியே போனா நான் முடியைப் பின்னாடி வளர்த்துக்கிட்டு அலையப் போறேன்.

பதினோராவதுக்குத் தீர்ப்பு: பொண்ணு பரவாயில்லை. பழைய குரல் வராது, யாருக்கும் வராது. ஆனா மூலத்தைக் கெடுக்கலை. முதல் சரணம் முடிஞ்சதும் வர்ற புல்லாங்குழலை அப்படியே வெச்சிருக்காங்க பாரு, அந்த மரியாதைக்காகவே தொண்ணூறு மார்க் போடலாம். மாப்பிள்ளைக்கு நல்ல ரசனை.

உன் அண்ணன்


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க முழங்கால் எப்படி இருக்கு? நாங்க நல்லா இருக்கோம். இந்தக் கடிதத்தை அண்ணா வேலைக்குப் போனப்புறம் படிங்க.

பாட்டை நான் மறுபடி போட்டுக் கேட்டேன் அண்ணி. மூணு தடவை கேட்டேன். அந்தப் புதுப் படகுப் பாட்டுல புல்லாங்குழலே இல்லை. அந்த இடத்துல பியானோதான் வருது.

எங்க கடைக்குச் சில பேர் வருவாங்க. சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்தை முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து, கடகடன்னு ஒப்பிப்பாங்க. நான் வேற அட்டையை மாத்தி மாட்டியிருப்பேன், அவங்க பழைய அட்டையையே சொல்லிக்கிட்டிருப்பாங்க. அண்ணா கடிதத்தைப் படிச்சப்ப எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. மனசுல இருக்கிற புல்லாங்குழலை ஒப்பிச்சிருக்கான்.

போன் வேணாம்னது, வட்டத்துக்குப் போகாதது, காப்பி சரியில்லைன்னு புலம்பினது எல்லாத்தையும் சேர்த்து வெச்சுப் பார்க்கிறேன். என் பாட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னதும் அதனாலதானோ? டிரம்ஸும் பேஸும் மட்டும்தான் கேக்குதோ?

அண்ணி, அண்ணாவுக்குக் காது கேக்குதா?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 22

அன்புள்ள உனக்கு,

அண்ணி எழுதறது. நீ கேட்டது நல்லதாப் போச்சு. நானாச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். கேட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு சொல்லலையே.

ரெண்டு வருஷமாவே குறைஞ்சுக்கிட்டுதான் வருது. தடியான சத்தம் கேக்குது. மெலிசா, உச்சத்துல வர்றது கேக்கலை. பறவை, மணி, குக்கர் விசில், என் குரல். என் குரலை அந்தப் பட்டியல்ல அவரே சந்தோஷமாச் சேர்த்துக்கிட்டார். டிவி எங்க வீட்டுல ஓடினா தெருக்கோடியில செய்தி தெரிஞ்சுக்கலாம்.

நவம்பர்ல வட்டத்துல ஆரம்ப இசையைப் போட்டு இவரைக் கேட்டிருக்காங்க. வெறும் வயலின். இவருக்கு ஒண்ணுமே கேக்கலை. "இன்னும் போடலையே?"ன்னு கேட்டிருக்கார். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. வட்டத் தலைவர் இருக்காரே, ரிட்டயரான கணக்கு வாத்தியார், அவர்தான் அதிகமாச் சிரிச்சாராம். மாடிப்படியில இறங்கி வந்தவர், அதுக்கப்புறம் ஏறவே இல்லை.

அச்சகத்துலயும் பிரச்சினைதான். மெஷின்ல ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஏறினா, தாளை உறிஞ்சி இழுக்கிற காத்துச் சத்தம் மாறும், அதை வெச்சே நிறுத்திடுவேன்னு பெருமையாச் சொல்வார். போன மாசம் அது கேக்காம, ஒரு கட்டு பள்ளிக்கூட நோட்டீஸ் முழுக்கக் கோணலா அடிச்சிட்டார். முதலாளி ஒண்ணும் சொல்லலை. சொல்லாததுதான் இவருக்குப் பயமா இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். உன் பாட்டைப் பிடிச்சிருக்குன்னு எழுதினது பொய் இல்லை. ஸ்பீக்கர் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கார். "இது ஒண்ணுதான்டி என்கிட்ட நேராப் பேசுது"ன்னு சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது, அப்புறம் வேற என்னமோ வருது.

நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். அதாவது, ரெண்டு விதமாவும். நீ சொல்லிப் பாரு.

அண்ணி


மே 1

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் நலம். நீயும் நலமா இருக்கணும்.

சுத்தி வளைக்காமச் சொல்றேன். அந்தப் புதுப் பாட்டுல புல்லாங்குழல் இல்லை. பியானோ. அண்ணியைத் திட்டாதே, நான்தான் கேட்டேன்.

எனக்கு முதல்ல உன் மேல கோபம் வந்தது. அப்புறம் என் மேல வந்தது. உன்கிட்ட இருந்து புல்லாங்குழல் போயிடுச்சு, நான் இங்க ஜெயிச்சுட்டேன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். நாற்பத்திரெண்டு வயசுல எனக்குப் படிக்கிற எழுத்து மங்க ஆரம்பிச்சது. கண்ணாடிக் கடையில வேலை பார்த்துக்கிட்டே ஒரு வருஷம் அதை மறைச்சேன். வர்ற சீட்டை எல்லாம் கை நீட்டித் தூரமா வெச்சுப் படிச்சேன். கை நீளம் பத்தாமப் போனப்பதான் ஒத்துக்கிட்டேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறவ, எனக்கு மாட்டிக்க வெட்கப்பட்டேன். அப்ப உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நான் வந்து உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக மாட்டேன். நீ என்னைவிட ஒன்பது வயசு பெரியவன். ஆனா போ. எனக்காக இல்லை, அச்சகத்துக்காகக்கூட இல்லை. அந்த அம்மா இன்னும் படகுல உட்கார்ந்து பாடிக்கிட்டுதான் இருக்காங்க. பாட்டுல எதையும் யாரும் துடைச்சு எடுக்கலை அண்ணா.

வாலு


ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

நலமா? ஏழு வாரம் ஆச்சு. கோபமா இருந்தா, கோபமா இருக்கேன்னு ஒரு வரி எழுது. வெறும் காகிதத்தை மடிச்சு அனுப்பினாலும் சரி, வாங்கி வெச்சுக்கறேன்.

வாலு


ஜூலை 4

அன்புள்ள வாலுக்கு,

நலம். கோபமாத்தான் இருந்தேன். முதல் ரெண்டு வாரம் உன் மேல, அடுத்த வாரம் அண்ணி மேல, அப்புறம் பியானோ மேல. யாராவது கேட்டாங்களா அதை அங்க வைக்கச் சொல்லி?

நான் ஏன் போனை விட்டேன்னு உனக்குத் தெரியாது. டிசம்பர்ல நீ கூப்பிட்டே. வேகமா என்னமோ சொன்னே. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடலை. நல்ல சேதிதான் சொல்றேன்னு நினைச்சு, "ரொம்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்!"னு சிரிச்சேன். நீ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் வெச்சுட்டே. ரெண்டு நாள் கழிச்சுதான் மாப்பிள்ளை அண்ணிகிட்ட சொன்னார், உன் மாமியாரை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்ததா. அவங்க தேறி வந்துட்டாங்க, சரி. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் நீ பேசாம இருந்தியே, அதை நான் மறக்கலை. அது மட்டும் எனக்கு நல்லாவே கேட்டது. இனிமே இவகிட்ட எழுத்துலதான் பேசணும்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன்.

டாக்டர்கிட்ட போனேன். கண்ணாடி வெச்ச சின்ன ரூம், காதுல ஹெட்போன், கையில ஒரு பட்டன். சத்தம் கேட்டா அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. சத்தம் விடறப்ப அதோட தோள் லேசா அசையுது. நான் தோளைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். எல்லாத்துக்கும் சரியா அமுக்கினேன். பொண்ணு எழுந்து வந்து, என் நாற்காலியைச் சுவத்தைப் பார்க்கத் திருப்பிட்டுப் போச்சு. உங்க கடையில அட்டையை மாத்தறது நினைவுக்கு வந்தது, அண்ணி உன் கடிதத்தைக் காட்டியிருந்தா.

காது மெஷின் ரெண்டு, ஒரு காதுக்கு ஒண்ணு. போட்டுக்கிட்டு வெளியே வந்தேன். பேப்பரை மடிச்சா நொறுங்குது. என் செருப்பு என்னைத் துரத்திக்கிட்டு வருது. அண்ணி சாவிக்கொத்தை மேஜையில வெச்சா, நான் துள்ளிட்டேன். நாலு நாள் கழட்டி எறிஞ்சிடலாம்னு தோணிச்சு.

அஞ்சாம் நாள் படகுப் பாட்டைப் போட்டேன். புல்லாங்குழல் வந்தது. முதல்ல கம்பி மாதிரி, கூர்மையா, யாரோ தெரியாத ஆள் வாசிக்கிற மாதிரி இருந்தது. தினமும் போட்டேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, அது அதுவா ஆயிடுச்சு. அண்ணி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துட்டு, அடுப்படிக்குத் திரும்பிப் போயிட்டா.

முதலாளிகிட்ட நானே சொன்னேன். "எப்ப சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்"னார். மெஷின் பக்கத்துல நிக்கறப்ப காதைப் பாதுகாக்க எல்லாருக்கும் மூடி வாங்கிப் போட்டிருக்கார். இப்ப நாங்க அஞ்சு பேரும் விமானம் ஓட்டற ஆளுங்க மாதிரி நிக்கிறோம்.

உன் பாட்டுகளையும் மறுபடி கேட்டேன். மார்க்கைத் திருத்தியாகணும். ஏழாவதுல டிரம்ஸ் பக்கத்துல ஒருத்தன் தட்டை உடைச்சுக்கிட்டே இருக்கான், அதை இத்தனை நாள் நான் கேக்கலை. முப்பது மார்க். ரெண்டாவது தடவை அனுப்பினதுல ஒன்பதாவது நாற்பது. மூணாவதை மட்டும் குறைக்க முடியலை. அந்த மாடிப்படிக்காரனை வேற எதுவும் காதுல விழாத நாள்ல பழகிட்டேன். இப்ப எல்லாம் திரும்பி வந்துட்டதுன்னு அவனை விட்டுட முடியுமா? அவனுக்குத் தொண்ணூறு.

உன் அண்ணன்


ஜூலை 12

அண்ணா,

நாங்க நலம். மாமியாரும் நலம், உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. டிசம்பர்ல நீ சிரிச்சதைச் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல, ஆபரேஷன் பண்ணி ஆறின தையல்கூடப் பிரிஞ்சுடுமோன்னு பயந்துட்டேன்.

அன்னிக்கு நான் பேசாம இருந்தது கோபத்துல இல்லை. லைன் சரியில்லைன்னு நினைச்சேன். அதை நீ ஆறு மாசமா சுமந்துக்கிட்டு இருந்திருக்கே. இதைப் படிச்ச உடனே கீழே போடு.

ஏழாவதுக்கு முப்பதா? நேர்ல வந்து சண்டை போடறேன். மாசக் கடைசியில நாலு நாள் லீவு. வட்டத்துக்கு நாம ரெண்டு பேரும் போறோம். நான் படி ஏறுவேன், நீ பின்னாடி வா.

வாலு


ஆகஸ்ட் 3

அன்புள்ள வாலுக்கு,

பத்திரமாப் போய்ச் சேர்ந்தியா? நாங்க நலம். நீ மறந்துட்டுப் போன குடை இங்க இருக்கு.

கூட்டம் முடியறதுக்கு முன்னாடியே நீ பஸ்ஸுக்குக் கிளம்பிட்டே. அப்புறம் நடந்ததைச் சொல்லணும். நீ இருந்த வரைக்கும் பார்த்தே: எழுந்து நின்னு, நவம்பர்ல ஏன் முழிச்சேன்னு சொன்னேன், காதுல இருந்ததைக் கழட்டிக் காட்டினேன், உன் மூணாவது பாட்டைப் போட்டேன். "பாடறவங்களை விட்டுட்டுக் கீழே நடக்கறவனை மட்டும் கேளுங்க"ன்னு சொன்னப்ப, பாதிப் பேர் மூக்கைச் சுளிச்சாங்க. நீ கிளம்பினப்புறம் கடைசி வரிசைக்காரர், "திரும்பப் போடுங்க"ன்னார். ரெண்டாவது தடவை நாலு பேர் காலால தாளம் போட்டாங்க. எண்பதுகளுக்கு வட்டத்துக்குள்ள இடம் கிடைச்ச நாள் அது. உனக்கு எழுதாம இருக்க முடியுமா?

எல்லாரும் நாற்காலியை மடிச்சு அடுக்கிக்கிட்டிருந்தாங்க. மின்விசிறி ஓடுது, ரேடியோப்பெட்டி இன்னும் அணைக்கலை, ரெண்டு பேர் பாடகர் பேரைச் சொல்லிச் சண்டை போடறாங்க. அந்த இரைச்சல்ல, நவம்பர்ல சிரிச்ச கணக்கு வாத்தியார் என் பக்கத்துல வந்து நின்னார். என்னைப் பார்க்கலை. கையில இருந்த நாற்காலியையே பார்த்துக்கிட்டு, உதடுகூட சரியா அசையாம, "அந்த டாக்டர் விலாசம் கிடைக்குமா? எனக்கு இடது பக்கம் கொஞ்ச நாளா..."ன்னார்.

யார் காதுலயும் விழக் கூடாதுன்னு அவ்வளவு மெதுவாக் கேட்டார், வாலு. எனக்கு முழுசாக் கேட்டது.

உன் அண்ணன்